இரண்டாவது பிரேக்

இந்த வீட்டுச் சங்கதியை முதலிலிருந்து கேட்டு வருகிறவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம். புதிதாக வந்து உட்கார்ந்தவர்கள் மட்டும் காதைக் கொடுங்கள்.

மாஸ்டர் என்று தெருவே கூப்பிடும் மனிதர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். இருபத்திரண்டு வருடமாக ஊரில் பாதிப் பேர் கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக் கொடுத்தவர். ஐந்து மாதத்துக்கு முன் ஒரு காலையில் அவருடைய பயிற்சிக் கார் மோதி ஒரு பெரியவர் இறந்துபோனார். நான்தான் ஓட்டினேன் என்று மாஸ்டர் போலீசில் சொன்னார். ஓட்டியது அவரில்லை, அவருடைய ஒரே மகள். இது மூன்றே பேருக்குத் தெரியும். மாஸ்டருக்கு, மகளுக்கு, மாஸ்டரம்மாவுக்கு. நம்மைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். நமக்கு எதுதான் தெரியாது?

அந்தப் பொய்யைப் பெற்றெடுத்தவர் மாஸ்டரம்மா. நடுத்தெருவில் நின்றபடியே மாஸ்டர் வீட்டுக்குப் போன் பண்ணினார். "யாராவது பாத்தாங்களா?" என்றார் மாஸ்டரம்மா. இல்லை என்றார் மாஸ்டர். "அப்ப நீங்க ஓட்டினதா சொல்லுங்க. அவளை வாயைத் திறக்க வேணாம்னு சொல்லுங்க." மொத்தம் நாற்பது விநாடி. பயிற்சிப் பள்ளியின் முன்னறையில் உட்கார்ந்து லைசென்ஸ் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தே காலம் தள்ளியவர் அவர். எந்தக் கட்டத்தில் எதை எழுதினால் எந்த அதிகாரி கேள்வி கேட்க மாட்டார் என்பதில் கெட்டிக்காரி. இதையும் ஒரு கட்டம் என்றுதான் நினைத்தார். ஒரு பெயரை அடித்துவிட்டு இன்னொரு பெயரை எழுதுவது.

இன்று வழக்கு கூப்பிடப்போகிறார்கள்.

காலையில் வீட்டுக் கூடத்தில் ஒரு பரீட்சை நடந்தது. போக்குவரத்துச் சின்னங்களைக் காட்டி மாணவர்களைக் கேள்வி கேட்கிற அதே குரலில், அதே நாற்காலியில் உட்கார்ந்து, மாஸ்டரம்மா தன் வீட்டுக்காரரைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்க, இன்னொரு தரம் சொல்லுங்க."

"எத்தனை தரம் சொல்றது?"

"அங்க தடுமாறினா நானா வந்து எடுத்துக் குடுக்க முடியும்?"

மாஸ்டர் சட்டைப் பித்தானைப் போட்டபடி ஒப்பித்தார். "நான்தான் ஓட்டிட்டு வந்தேன். ரெண்டு வேனுக்கு நடுவுல இருந்து அவர் வந்தார். பிரேக் அடிச்சேன். நிக்கல."

"'சட்டுனு' வந்தார். 'சட்டுனு'வை விட்டுட்டீங்க."

"அவர் சட்டுனு வரலியே. மெதுவாத்தான் வந்தார்."

மாஸ்டரம்மா பல்லைக் கடித்துக்கொண்டார். பொய் சொல்லச் சொன்னால் நடுவில் உண்மையைத் திணிக்கிற மனுஷனை என்னதான் செய்வது?

சமையலறைக் கதவோரம் மகள் நின்றிருந்தாள். இந்தப் பெண்ணுக்கு வீட்டில் வைத்த பெயர் ரேடியோ. பேச ஆரம்பித்த நாளிலிருந்து நிறுத்தியதில்லை. நர்சிங் கடைசி வருடம் படித்தவள். வார்டில் நடந்ததையெல்லாம் இரவுச் சாப்பாட்டில் ஒலிபரப்புவாள். அவள் வாயை அடைக்க அவள் அப்பா அப்பளத்தை நீட்டுவார் என்று மாடி வீட்டுக்குக்கூடத் தெரியும். ஐந்து மாதமாக அந்த ரேடியோ வேலை செய்யவில்லை. கல்லூரிக்கும் போகவில்லை. கேட்டால் ஆமாம், இல்லை. அவ்வளவுதான்.

"நானும் வரேன்" என்றாள்.

"நீ எதுக்கு? உன் மூஞ்சியே எல்லாத்தையும் கொட்டிடும். வீட்ல இரு. யார் வந்தாலும் கதவைத் திறக்காத."

"அப்பா ஜெயிலுக்குப் போயிட்டா?"

"போக மாட்டார். வயசான மனுஷன், ஒரு தப்புக்கும் போகாதவர், தானா ஒத்துக்கறார். கொஞ்சம் திட்டிட்டு விட்டுடுவாங்க."

"போனா?"

மாஸ்டர் மகளின் பக்கம் போனார். தலையில் கை வைக்கப்போனவர், பாதியில் எடுத்துக்கொண்டார். "கொஞ்ச நாள்தான்மா" என்றார். அதைக் கேட்டபோதுதான் மாஸ்டரம்மாவுக்குப் புரிந்தது. போவதற்கு அவர் தயாராகத்தான் இருக்கிறார். பெட்டி கட்டாதது ஒன்றுதான் பாக்கி.

நீதிமன்றத்துக்கு நடந்தே போனார்கள். அந்தக் காலைக்குப் பிறகு மாஸ்டர் எந்த வண்டியிலும் ஏறுவதில்லை. பின் இருக்கையில்கூட. வழியில் இரண்டு பேர் காரை ஓரம் கட்டி, "மாஸ்டர், ஏறிக்குங்க, நீங்க சொல்லிக் குடுத்த கைதானே" என்றார்கள். "கண்ணாடியைப் பாத்து எடுத்துட்டுப் போப்பா" என்று அவர்களை அனுப்பிவிட்டு மனிதர் நடந்தார். விசேஷத்துக்குப் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்த மாஸ்டரம்மா பின்னாலேயே நொண்டினார்.

நீதிமன்ற நடைபாதையில் மூன்று பெஞ்சுகள். ஒன்றில் கால் உடைந்திருந்தது. அதில் மட்டும் இடம் இருந்தது. எதிர் பெஞ்சில் ஒல்லியாக, முதுகு வளையாமல், ஒரு அம்மாள் மடியில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்திருந்தார். இறந்துபோன பெரியவரின் மனைவி. முப்பது வருடம் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுத்தவர் என்று குற்றப்பத்திரிகையில் போட்டிருந்தது. முதல் சாட்சி அவர்தான். மாஸ்டர் அவரைப் பார்த்து எழுந்து நின்றார். அந்த அம்மாள் பார்வையைத் திருப்பவும் இல்லை, தலையசைக்கவும் இல்லை. மாஸ்டர் நின்றுகொண்டே இருந்தார்.

அவர்களுடைய வக்கீல் முப்பது வயதுகூட ஆகாத பெண். மதியச் சாப்பாட்டு வேளை தாண்டித்தான், கறுப்புக் கோட்டுப் பையிலிருந்து பிஸ்கட்டை எடுத்துக் கடித்தபடி வந்தாள். மாஸ்டரிடம் கார் கற்றுக்கொண்டவள்தான்.

"காலைலேருந்து சாப்பிடலக்கா" என்றாள். "இப்பவும் சொல்றேன், ஒத்துக்க வேணாம். நிரூபிக்க வேண்டியது அவங்க பொறுப்பு. நாம சும்மா நின்னா போதும். துளி சந்தேகம் இருந்தாலும் அது நம்ம பக்கம்தான் விழணும். உங்க வீட்டுக்காரர்தான் 'என் மேலதான் தப்பு, என் மேலதான் தப்பு'ன்னு தெருமுனை வரைக்கும் சொல்லிட்டு வரார்."

"ஒத்துக்கிட்டா தண்டனை குறையும்னாங்களே. உயிர் போயிருக்கு. உயிர் போனா கொலைதானே?"

"யார் சொன்னது? எல்லாச் சாவும் கொலை ஆயிடுமா?" வக்கீல் கோட்டில் விழுந்த தூளைத் தட்டினாள். "மனசுல என்ன இருந்ததுன்னு முதல்ல பாப்பாங்க. கொல்லணும்னு ஏத்தினாரா? இல்ல. செத்துடுவாங்கன்னு தெரிஞ்சே ஏத்தினாரா? அதுவும் இல்ல. மிஞ்சறது அஜாக்கிரதை. அதுலயும் அவர் இடத்துல இன்னொருத்தர் எவ்வளவு கவனமா இருந்திருப்பாரோ, அதுல இருந்து ரொம்பக் கீழ இறங்கியிருக்கணும். இவர் ஊருக்கே சொல்லிக் குடுத்தவர். அதான் இடிக்குது."

மாஸ்டரம்மா முந்தானை நுனியைச் சுருட்டினார். "சும்மா ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். கத்துக்கற புள்ள யாராவது ஓட்டியிருந்தா?"

"பழகுநர் லைசென்ஸ் இருந்ததா?"

"இருந்ததுன்னு வெச்சுக்கோங்க."

"வேகம்?"

"இருபதுக்கு மேல இல்ல."

"பக்கத்துல மாஸ்டர் இருக்கார்?"

"இருக்கார்."

"அப்ப அந்தப் புள்ள மேல கேஸே நிக்காமப் போயிருக்கலாம். அடிச்சு சொல்ல முடியாது, ஆனா நான் தைரியமா வாதாடுவேன். கத்துக்கறவங்க பதறுவாங்கன்னுதானே பக்கத்துல இன்னொரு பிரேக்கை வெச்சிருக்காங்க? விபத்துன்னு எழுதி மூடியிருந்தாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். போலீஸ்ல பொய் மட்டும் சொல்லியிருக்கக் கூடாது. அது தனிக் குற்றம். அதுல போயி 'மனசறிய செய்யல'ன்னு சொல்லவே முடியாது பாருங்க. பொய்யை யாரும் கைதவறிச் சொல்றதில்லையே." அவளே சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சட்டென்று நிறுத்தினாள். "ஏன்க்கா கேக்கறீங்க?"

"சும்மாதான்."

சும்மாதானாம். மாஸ்டரம்மாவுக்குக் காது அடைத்துப்போயிருந்தது. மகளைக் கொலைகாரி என்று சொல்லிவிடுவார்களே என்று பயந்துதானே அந்த நாற்பது விநாடியும்? அந்தக் காலையில் நடந்ததில் யாரும் வேண்டுமென்று செய்தது என்று ஒன்று உண்டென்றால், அது அவர் வாயிலிருந்து வந்தது. மற்றதெல்லாம் கையை மீறி நடந்தவை.

எழுந்து வீட்டுக்காரரிடம் போனார். "என்னங்க, ஒரு நிமிஷம். அதைச் சொல்ல வேணாம்."

"எதை?"

"ஒத்துக்கறதை. வக்கீல் சொல்றாங்க, அவ மேல ஒண்ணும்…"

அதற்குள் உள்ளே பெயரைக் கூப்பிட்டார்கள். முழுப்பெயர், அப்பா பெயரோடு. யாரோ வேற்று ஆளைக் கூப்பிடுவதுபோல் இருந்தது. மாஸ்டர் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு உள்ளே போனார்.

நீதிபதிக்கு ஜலதோஷம். கைக்குட்டையை மேசைமேலேயே வைத்திருந்தார். மைக் வேலை செய்யாததால் எல்லோரும் கொஞ்சம் முன்னால் சாய்ந்து கேட்க வேண்டியிருந்தது. குற்றச்சாட்டை வாசித்தார்கள். கவனக்குறைவாக வாகனம் ஓட்டி உயிரிழப்பை ஏற்படுத்தியது.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுதுங்க."

"ஒத்துக்கறீங்களா, இல்ல வழக்கை நடத்தறீங்களா?"

"ஒத்துக்கறேங்க. என் மேலதான் தப்பு."

வக்கீல் நெற்றியைத் தேய்த்தாள். நீதிபதி பேனாவை எடுக்கவில்லை.

"யாராவது சொல்லச் சொன்னாங்களா? பயமுறுத்தினாங்களா? ஒத்துக்கிட்டா விட்டுடுவாங்கன்னு யாராவது ஆசை காட்டினாங்களா?"

"இல்லீங்க."

கடைசி வரிசையில் மாஸ்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

"ஒத்துக்கிட்டா உங்களை ஜெயிலுக்கு அனுப்ப முடியும். தெரியுமா?"

"தெரியுங்க."

"சரி. என்ன நடந்ததுன்னு நீங்களே சொல்லுங்க. மனப்பாடமா வேணாம்."

மாஸ்டர் தொண்டையைச் செருமினார். "நான்தான் ஓட்டிட்டு வந்தேன். ரெண்டு வேனுக்கு நடுவுல இருந்து அவர் வந்தார்." நிறுத்தினார். 'சட்டுனு' என்று மாஸ்டரம்மாவின் உதடு அசைந்தது. "கையில பை இருந்தது. காய்கறி. மெதுவாத்தான் வந்தார்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"என் கால் பிரேக்ல இல்லீங்க."

"எங்க இருந்தது?"

"மடக்கி வெச்சிருந்தேன்."

நீதிபதி கைக்குட்டையைக் கீழே வைத்தார். "வண்டி ஓட்டறவர் காலை எப்படி மடக்கி வெச்சுக்க முடியும்?"

மாஸ்டருக்கு அது காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. ஐந்து மாதமாக அவர் பார்த்துக்கொண்டிருந்த ஒரே காட்சிக்குள் போய்விட்டார். அவரை அங்கிருந்து இழுத்து வர ஆளில்லை.

"இருபத்திரண்டு வருஷத்துல யாருக்கும் நான் காலை எடுத்ததில்லீங்க. தூக்கம் வந்தாலும் என் கால் அந்த ரெண்டாவது பிரேக் மேலதான் இருக்கும். அன்னிக்குத்தான்… 'உன் காலை எடுப்பா, நானாத்தான் ஓட்டறேன்னு எனக்குத் தெரியணும், அடுத்த வாரம் டெஸ்ட்டு'ன்னு கெஞ்சிச்சு. எடுத்துட்டேன். பெருமையா இருந்ததுங்க. அப்ப அவர் வந்தார். மிதி, மிதின்னு கத்தினேன். என் காலை நீட்டறதுக்குள்ள…"

"மிதின்னு யார்கிட்ட கத்தினீங்க?" என்றார் நீதிபதி.

வக்கீல் எழுந்தாள். மாஸ்டர் தன் வலது பாதத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி, கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். எடுத்துக் கொடு என்பதுபோல்.

மாஸ்டரம்மாவிடம் எடுத்துக் கொடுக்க ஒன்றும் இல்லை. காலை மடக்கிய கதை அவருக்கே இப்போதுதான் தெரியும். ஒரே வீட்டில், ஒரே படுக்கையில், ஐந்து மாதம். மனிதர் சொல்லவில்லை. எப்படிச் சொல்வார்? 'சட்டுனு'வை மனப்பாடம் பண்ண வைத்தவர், காலைப் பற்றி என்றைக்குக் கேட்டார்?

"போதும்" என்றார் நீதிபதி. குரலில் கோபம் இல்லை. "இதுக்கு மேல நீங்க ஒரு வார்த்தையும் பேச வேணாம். உங்களுக்கு எதிரா நீங்களே பேசணும்னு கட்டாயம் இல்ல. உங்க வக்கீலோட பேசுங்க. வருத்தப்படறீங்கன்னு தெரியுது. வருத்தத்தை வெச்சு நான் தீர்ப்பு எழுத முடியாது. நீங்க செய்யாத குற்றத்தை நீங்களே ஒத்துக்கிட்டாலும் நான் எடுத்துக்க முடியாது."

ஒப்புதல் ஏற்கப்படவில்லை. மறுவிசாரணை செய்து அறிக்கை தரப் போலீசுக்கு உத்தரவு. இரண்டு வாரம் கழித்து அடுத்த தேதி. நீதிபதி தும்மினார். அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

மூலையில் நின்றிருந்த இன்ஸ்பெக்டர் நடைபாதையில் மாஸ்டரம்மாவை நிறுத்தினார். ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டார். "உங்களுக்கு ஒரே பொண்ணுதானேம்மா? சாயங்காலம் வீட்ல இருப்பாங்களா? ஒரு அஞ்சு மணிக்கு வரேன்."

அவர் போனதும் வக்கீல், மாஸ்டரம்மாவின் முழங்கையைப் பிடித்துச் சுவரோரம் இழுத்துக்கொண்டு போனாள். அக்காவெல்லாம் காணாமல் போயிருந்தது.

"என்கிட்டயே மறைச்சுட்டீங்க, இல்ல? சரி, அதை அப்புறம் பாத்துக்கலாம். நான் இவரோட உக்காந்து பேசிட்டு அஞ்சரைக்கு வரேன். அதுவரைக்கும் உங்க பொண்ணு யார்கிட்டயும் பேசக் கூடாது. போலீஸ்கிட்ட, பக்கத்து வீட்ல, யார்கிட்டயும். 'வக்கீல் வரட்டும்'. இதை மட்டும் சொல்லலாம். சொல்ற ஒவ்வொரு வார்த்தையும் நாளைக்கு அவளுக்கு எதிரா நிக்கும். புரியுதா?"

"புரியுது." வாயைத் திறக்காதே. இதைத்தானே அவரும் சொல்லியிருந்தார். இப்போது அதற்குச் சட்டத்தின் முத்திரையும் விழுந்துவிட்டது.

வெளிவாசல் படியில் அந்தத் தொலைபேசி அம்மாள் நின்றிருந்தார். காத்திருந்தார் என்பது பார்த்தவுடனே தெரிந்தது.

"பொய் சொல்லணும்னு வந்தீங்க" என்றார். "அதையாவது ஒழுங்கா சொல்லியிருக்கலாம்."

மாஸ்டரம்மா ஒரு எட்டு பின்வாங்கினார்.

"எனக்கு அன்னிக்கே தெரியும், கூட ஒரு பொண்ணு இருந்தான்னு. ஆஸ்பத்திரியில அவர் தலையில ஒரு துப்பட்டா கட்டியிருந்தது. பூப்போட்டது. படிச்சவ கட்டின கட்டு, சரியா, இறுக்கமா. உங்க வீட்டுக்காரர் துப்பட்டா போடறவர் இல்லையே."

"போலீஸ்ல…"

"அவங்க கேக்கல. கேட்ட நம்பருக்கு மட்டும் லைன் குடுத்து முப்பது வருஷப் பழக்கம்." அந்த அம்மாள் பாட்டில் மூடியைத் திறந்தார், குடிக்காமலே மூடினார். "அந்தப் பொண்ணை உள்ள தள்ளணும்னு எனக்கு ஆசையா இல்லையான்னு எனக்கே தெரியல. ஒரு நாள் இருக்கு, ஒரு நாள் இல்ல. அதை விடுங்க. காய் வாங்கப் போனவர் திரும்பி வரல. நாப்பத்தொரு வருஷம் கூட இருந்துட்டு, கடைசிப் பத்து நிமிஷம் யாரோ ஒருத்தியோட இருந்திருக்கார். என்ன சொன்னார்? வலிக்குதுன்னாரா? என்னைக் கேட்டாரா? எனக்கு அதுதான் வேணும். அவகிட்ட அதைக் கேட்டுச் சொல்ல முடியுமா?"

"அவ பேசறதில்லீங்க" என்றார் மாஸ்டரம்மா. "அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

இரண்டில் ஒன்று பொய், பாருங்கள். பழக்கம் விடுமா?

அந்த அம்மாள் ஒரு விநாடி பார்த்தார். "சரி" என்றார். லைன் கிடைக்கவில்லை என்று சொல்கிற மாதிரி. படியிறங்கினார். முதுகு வளையவில்லை, ஆனால் ஒவ்வொரு படிக்கும் இரண்டு காலையும் சேர்த்து வைத்துத்தான் இறங்கினார். பிடிமானம் தேடிய இடது கை, அந்தப் பக்கம் எப்போதும் இன்னொருவர் வருவார் என்று பழகிய கை, வெறும் காற்றைத் தொட்டுவிட்டுக் கீழே விழுந்தது.

மாஸ்டரம்மாவுக்குத் தன் வீட்டுக்காரரின் போன் நினைவுக்கு வந்தது. அந்த நாற்பது விநாடி அவர் போனில் நின்றபோது மகள் எங்கே இருந்தாள்? இதையும் மாஸ்டரம்மா ஒருநாளும் கேட்டதில்லை. ரோட்டில் உட்கார்ந்து துப்பட்டாவால் கட்டுப்போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். தனியாக.

"இந்தாங்க" என்று கூப்பிட்டார். அம்மாள் திரும்பவில்லை. "எங்க வீடு கொஞ்ச தூரம். பஸ்ல வரீங்களா?"

பஸ்ஸில் இருவரும் ஒரே இருக்கையில் உட்கார்ந்து வந்தார்கள். டிக்கெட் மட்டும் தனித்தனியாக எடுத்துக்கொண்டார்கள்.

பயிற்சிப் பள்ளிக்கு மேல்தான் வீடு. இரும்புப் படிக்கட்டு ஏறி மாஸ்டரம்மா கதவைத் தட்டினார். மணி நாலே முக்கால்.

கதவைத் திறந்த மகள் முதலில் அம்மாவைப் பார்த்தாள். பிறகு பின்னால் மூச்சுவாங்க நின்றவரைப் பார்த்தாள். யாரென்று கேட்கவில்லை. பெரியவரும் மனைவியும் சேர்ந்திருக்கிற படத்தோடு பத்திரிகையில் வந்த இரங்கல் விளம்பரத்தை அவள் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறாள் என்பது மாஸ்டரம்மாவுக்குத் தெரியாது.

"கேட்டுக்க" என்றார் மாஸ்டரம்மா. விண்ணப்பத்துக்குக் கையெழுத்து வாங்குகிற அவசரம் அவர் குரலில் இல்லை. "அப்பா உள்ளதைச் சொல்லிட்டார். அவர் குற்றத்தை ஒத்துக்கிட்டதை நீதிபதி எடுத்துக்கல. அஞ்சு மணிக்குப் போலீஸ் வரும். நீ யார்கிட்டயும் பேசக் கூடாதுன்னு வக்கீல் சொல்லியிருக்காங்க. பேசினா உனக்குத்தான் கஷ்டம், அது நெசம். அன்னிக்குப் பேசாதன்னு நான் சொன்னேன். அது நெசமில்ல, என் பயம். இவங்க ஒண்ணு கேக்க வந்திருக்காங்க. பேசறதும் பேசாததும் உன் இஷ்டம். நான் இனிமே ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டார். இப்படி ஓரமாக நிற்பது அவருக்கு வாழ்க்கையில் முதல் தடவை. கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

தொலைபேசி அம்மாள் கேட்டார். "அவர் பேசினாரா?"

மகள் ஆமாம் என்று தலையாட்டினாள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி திறந்தது.

"நான்தான் ஓட்டினேன்" என்றாள்.

"அதை நான் கேக்கல."

"இல்ல, அதைச் சொல்லாம மத்ததைச் சொல்ல முடியாது. நான்தான் ஓட்டினேன். பிரேக்னு நினைச்சு கிளட்சை மிதிச்சுட்டேன். ஓடி வந்து அவர் தலையை என் மடியில வெச்சுக்கிட்டேன். கண்ணு திறந்துதான் இருந்தது. காய் எங்கன்னு கேட்டார். தக்காளி எல்லாம் உருண்டு போயிருந்தது. எல்லாம் இருக்கு தாத்தான்னேன். வலிக்குதான்னு கேட்டேன். இல்லம்மா, குளுருதுன்னார். அப்புறம்… வீட்டுக்குப் போன் பண்ணவா, நம்பர் சொல்லுங்கன்னேன். வேணாம்னார். 'இப்ப பண்ணாத, அவ பயந்துடுவா. கொஞ்ச நேரத்துல எழுந்து நானே போயிக்கறேன்'னார்."

"பயந்துடுவாளாமா?" என்றார் அந்த அம்மாள். "நானா?" மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது. அது பாதியில் வேறாக மாறியது. ஐந்து மாதம் வளையாத முதுகு வளைந்தது. கையிலிருந்த பாட்டில் நழுவித் தரையில் உருண்டு போயிற்று, யாரும் எடுக்கவில்லை. மகள் அவர் இரண்டு தோளையும் பிடித்து மெல்ல நாற்காலியில் உட்கார வைத்தாள்.

கீழே ஒரு வண்டி வந்து நின்றது. கதவு சாத்தும் சத்தம். இரும்புப் படியில் பூட்ஸ்.

மாஸ்டரம்மா எட்டிப் பார்த்தார். இன்ஸ்பெக்டர்தான். வக்கீல் வர இன்னும் அரைமணி இருக்கிறது. திறந்த கதவு வழியாக எல்லாம் கேட்கும். 'போதும்' என்று ஒரு சொல் சொன்னால் மகள் நிறுத்திவிடுவாள். சொன்ன பேச்சு கேட்கிற பிள்ளை, ஐந்து மாதம் கேட்டிருக்கிறாளே. கதவைச் சாத்தவும் இரண்டே எட்டு.

மாஸ்டரம்மா வாயைப் பொத்திக்கொண்டார். தன் வாயைத்தான்.

நாற்காலியில் இருந்தவர் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். படியில் யாரோ வருவது அவருக்கும் கேட்டது. வருகிறவர் யாரென்றும் தெரிந்தது. பெண்ணின் கையை அவர் விடவில்லை; எதற்காகப் பிடித்திருக்கிறார் என்று மாஸ்டரம்மாவால் சொல்ல முடியவில்லை.

"அப்புறம்?" என்றார் அந்த அம்மாள். "இன்னும் என்ன சொன்னார்?"

பூட்ஸ் சத்தம் கடைசிப் படியில் நின்றது. ரேடியோ பேச ஆரம்பித்தாள்.